மெரினாவில் திரண்டவர்கள் பிறகு எங்கே போனார்கள்?

2017 ஜனவரி 17 இரவு, சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லத்தை ஒட்டிய பகுதியில் தெருவிளக்குகள் அணைந்தன. இருட்டினால் கூட்டம் கலைந்துவிடும் என்று யாரேனும் கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கு சில நிமிடங்களிலேயே பொய்த்தது. அங்கே உட்கார்ந்திருந்த இளைஞர்கள் தங்கள் கைபேசிகளின் டார்ச்சை எரியவிட்டுத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். அந்த வெளிச்சப் புள்ளிகளை அங்கிருந்தவர்களே படமெடுத்து முகநூலில் ஏற்றினார்கள். அதைப் பார்த்தவர்கள் வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டார்கள். விடிந்தபோது கடற்கரையை நோக்கிப் பேருந்திலும் மின்ரயிலிலும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒரே கருவி அன்றிரவு விளக்காகவும் கேமராவாகவும் அழைப்பிதழாகவும் பயன்பட்டது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2016 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின் மூலம் அதை நடத்த வழி செய்தபோது, சில நாள்களிலேயே நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 2017 பொங்கலுக்கும் வழி பிறக்காத நிலையில் அலங்காநல்லூரில் இரவு முழுவதும் உட்கார்ந்து போராடியவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் 17ஆம் தேதி காலை கைது செய்யப்பட்டார்கள். அவர்களை விடுவிக்கக் கோரி மெரினாவில் கூடிய சிறு கூட்டம்தான், அடுத்த சில நாள்களில் மதுரை தமுக்கம், கோவை வ.உ.சி. மைதானம் என்று மாநிலமெங்கும் பரவிய போராட்டமாக மாறியது. சமூக வலைத்தளங்கள் இளைஞர்களை அரசியலுக்குள் எப்படிக் கொண்டுவருகின்றன, கொண்டுவந்தபின் அவர்களை எங்கே விட்டுவிடுகின்றன என்ற இரண்டு கேள்விகளுக்கும் தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை. முதல் கேள்வியைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம்; இரண்டாவதைப் பற்றி நாம் போதிய அளவு யோசிக்கவில்லை என்பதே என் எண்ணம்.

திடீரென்று இளைஞர்கள் அரசியலுக்கு வந்துவிட்டார்கள் என்று அப்போது பலரும் வியந்தார்கள். அதுவரை அவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தால் அந்த வியப்பு குறைந்திருக்கும். வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது 1989இல். ஏறத்தாழ அதே காலத்தில்தான் தனியார் சுயநிதிக் கல்லூரிகள் பெருகத் தொடங்கின. பொறியியல் கல்லூரிகள் மட்டுமே ஒரு கட்டத்தில் 500ஐத் தாண்டின. அவற்றில் பெரும்பாலானவற்றில் மாணவர் பேரவைத் தேர்தல் என்ற பேச்சே கிடையாது. நான் சேர்ந்த கல்லூரியில், எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன் என்ற உறுதிமொழிப் படிவத்தில் நானும் அப்பாவும் கையெழுத்திட்ட பிறகுதான் கட்டண ரசீதையே கையில் கொடுத்தார்கள். அதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்றுகூட எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. எல்லாக் கல்லூரியிலும் வாங்குவதுதானே என்று இருந்துவிட்டோம். இப்படி, வாக்குரிமை கைக்கு வந்த அதே வயதில் அரசியல் பேசுவதற்கான இடம் இல்லாமல் போன ஒரு தலைமுறை, வகுப்புத் தேர்வு அட்டவணையைப் பகிர்வதற்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் அரசியல் பேசக் கற்றுக்கொண்டது. கைபேசி புதிய அரசியல் வேட்கையை உண்டாக்கியது என்பதைவிட, அடைத்து வைக்கப்பட்டிருந்த ஒன்றுக்குக் கதவு திறந்துவிட்டது என்று சொல்வதே பொருந்தும்.

அந்தக் கதவு சரியாக எப்போது திறந்தது என்பதும் முக்கியம். 2016 செப்டம்பர் 5 அன்று ரிலையன்ஸ் ஜியோ சேவை தொடங்கியது. இலவச இணையச் சலுகை 2017 மார்ச் இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. அதற்கு முன் ஒரு ஜிபிக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து, காணொலியைத் திறக்கவே யோசித்துக்கொண்டிருந்த மாணவர், அந்தப் பொங்கலின்போது மணிக்கணக்கில் நேரலை பார்க்கவும் தானே நேரலை போடவும் முடிந்தது. முகநூல் தன் நேரலை வசதியை எல்லாப் பயனர்களுக்கும் திறந்துவிட்டதும் 2016இல்தான். வாட்ஸ்அப் குழுவின் உறுப்பினர் வரம்பு 100இலிருந்து 256ஆக உயர்ந்ததும் அதே ஆண்டில். போதாக்குறைக்கு ஓர் ஒத்திகையும் முன்னரே நடந்து முடிந்திருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எந்தத் தெருவில் படகு வேண்டும், எந்த வீட்டில் குழந்தைக்குப் பால் வேண்டும் என்பதையெல்லாம் சென்னை இளைஞர்கள் இதே வலைத்தளங்களில்தான் பதிவிட்டு, சரிபார்த்து, முடிந்ததை அழித்துவிட்டு வேலை செய்தார்கள். மெரினாவில் உணவுப் பொட்டலமும் தண்ணீர்ப் புட்டியும் தட்டுப்பாடில்லாமல் வந்து சேர்ந்ததிலும், குப்பையை அள்ளவும் போக்குவரத்தைச் சீர்செய்யவும் ஆட்கள் தாமாகவே நின்றதிலும் அந்த வெள்ளக்கால அனுபவத்தின் சுவடு இருந்தது.

செய்தி பரவிய விதத்தைக் கவனித்தால் ஒன்று புலப்படும். முகநூலின் மீம் பக்கங்கள் கோபத்தை மூட்டின. ஆனால் வீட்டிலிருந்து ஆளைக் கிளப்பியது பெரும்பாலும் மூடிய வாட்ஸ்அப் குழுக்கள்தான். முன்பின் தெரியாதவர் ஊரைக் கூட்டி அழைப்பதற்கும், உடன்படித்தவன் கடற்கரையில் நின்று எடுத்த படத்தைப் போட்டு ‘வாடா’ என்று எழுதுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தெரிந்தவர்கள் போகிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டதும் தயக்கம் பாதி போய்விடுகிறது. பெண்கள் அவ்வளவு பெரிய எண்ணிக்கையில், இரவிலும் தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்: கல்லூரித் தோழிகள் நேற்றிரவு அங்கே பத்திரமாக இருந்தார்கள் என்பதற்கான சான்று வீட்டுக்காரர்களுக்குக் காட்டுவதற்குக் கையில் இருந்தது. தொலைக்காட்சிகளையும் மறந்துவிடக் கூடாது. தமிழ்ச் செய்தி அலைவரிசைகள் இரவு பகலாக நேரலை காட்டியபின், கைபேசி இல்லாத பெற்றோரும் தாத்தா பாட்டியும்கூட அந்தக் கூட்டத்தின் ஆதரவாளர்களாக மாறினார்கள். வலைத்தளத்தால் மட்டுமே நடந்த போராட்டம் என்பது பாதிக் கதை.

எந்தப் பிரச்சினை இப்படிப் பற்றிக்கொள்கிறது, எது நமத்துப் போகிறது என்பது இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம். 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. காவிரிப் படுகையில் பயிர் கருகி விவசாயிகள் இறந்துகொண்டிருந்தார்கள். 2017 ஜனவரி 10 அன்று, அதாவது மெரினாவில் கூட்டம் சேர்வதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்த அறிவிப்புக்காக யாரும் கடற்கரைக்கு வரவில்லை. மெரினாவில் விவசாயிகளின் துயரம் பேசப்பட்டது உண்மை. ஆனால் காளையின் முதுகில் ஏறித்தான் அது அங்கே வந்து சேர முடிந்தது. காளைக்குப் படம் உண்டு, திமில் உண்டு, பீட்டா என்ற விலங்குரிமை அமைப்பின் பெயரில் கைகாட்டுவதற்கு எதிராளி உண்டு, தமிழர் அடையாளம் என்ற ஒற்றைச் சொல் உண்டு. பயிர்க் காப்பீட்டுத் தொகை ஏன் வரவில்லை, நிலத்தடி நீர் ஏன் இறங்கியது என்பவற்றை ஒரு மீமுக்குள் அடக்க முடியாது. அந்த ஆண்டு மார்ச்சில் விவசாயச் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு தலைமையில் டெல்லி ஜந்தர் மந்தருக்குச் சென்ற விவசாயிகள், இறந்தவர்களுடையவை என்று சொல்லி மண்டையோடுகளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. கண்ணில் அறையும் காட்சி இல்லாவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதை அவர்கள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

ஒற்றைச் சொல்லில் ஒன்றுசேர்வதற்கு ஒரு விலையும் இருந்தது. ஜல்லிக்கட்டில் யார் மாட்டுக்கு முதல் மரியாதை, யார் வாடிவாசலுக்குள் இறங்கலாம் என்பனவற்றில் சாதிக்கு இருந்துவந்த பங்கைச் சிலர் அப்போது எழுதிப் பார்த்தார்கள். அந்தக் குரல்கள் மறுக்கப்பட்டன என்பதைவிட, விருப்பக்குறிகளின் வெள்ளத்தில் மூழ்கடிக்கப்பட்டன என்று சொல்லலாம். பலரும் ஒப்புக்கொள்வதை மேலும் பலருக்குக் காட்டும் இயந்திரத்தில், ஒப்புக்கொள்ளாதவர் பேசியது அவரைச் சுற்றியிருப்பவர்களோடு நின்றுவிடுகிறது.

அதே பாதையில் வேறு சரக்கும் போகும். 2019 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவையொட்டி, ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய குரல்பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் பரவியதைத் தொடர்ந்து புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில் பெருங்கூட்டம் திரண்டு வன்முறை வெடித்தது. 144 தடை உத்தரவு போட வேண்டியதாயிற்று. தெரிந்தவர் அனுப்பியதால் நம்புவது, நம்மவர் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள் என்பதைப் பார்த்துக் கிளம்புவது என்று மெரினாவில் நாம் மெச்சிய அத்தனை இயல்புகளும் அங்கேயும் இருந்தன. சாதிப் பெருமை பேசும் காணொலிகளைப் பள்ளி மாணவர்கள் தங்கள் வாட்ஸ்அப் நிலைத்தகவலில் வைப்பது தென்மாவட்டங்களில் இன்று சாதாரணம். இதையும் இளைஞர்களின் அரசியல் பங்கேற்பு என்ற தலைப்பின் கீழ்தான் வைக்க வேண்டும். நமக்குப் பிடித்ததை மட்டும் பங்கேற்பு என்று எண்ணுவது கணக்கில் சேராது.

இனி, 2017 ஜனவரி 21இலிருந்து 23 வரையிலான மூன்று நாள்களுக்கு வருவோம். என் பார்வையில் இந்தக் கதையின் மையம் அங்கேதான் இருக்கிறது. முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் டெல்லி சென்று பிரதமரைச் சந்தித்துத் திரும்பிய பின், 21ஆம் தேதி ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். போராட்டம் வென்றுவிட்டது என்று அறிவிக்க வேண்டிய தருணம் அது. அறிவிப்பது யார்? தலைவர் இல்லை, குழு இல்லை, மேடை இல்லை என்பதுதானே அந்தக் கூட்டத்தின் பெருமையாக இருந்தது. கட்சிக்காரர்களை உள்ளே விடாததை எல்லாரும் பாராட்டினார்கள். அவசரச் சட்டம் போதும் என்றார்கள் சிலர். நிரந்தரச் சட்டம் வரும்வரை நகரமாட்டோம் என்றார்கள் வேறு சிலர். காவிரி, மீத்தேன், பணமதிப்பு நீக்கம் என்று அடுத்தடுத்த கோரிக்கைகளை எடுத்தவர்களும் இருந்தார்கள். முதல் நாள்களில் முன்னணியில் தெரிந்த சில முகங்கள், போராட்டம் திசைமாறுகிறது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தக் கருத்து வேறுபாட்டைத் தீர்க்க வாக்கெடுப்போ செயற்குழுவோ எதுவும் கிடையாது. 23ஆம் தேதி விடியற்காலை காவல்துறை வந்து கலைந்துபோகச் சொன்னபோது, பேச்சுவார்த்தைக்கு எதிரே உட்கார ஒருவரும் இல்லை. சிலர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் நாட்டுப்பண் பாடினார்கள், பின்னே நகர்ந்து நகர்ந்து அலையின் விளிம்புவரை போனார்கள். அவர்களுக்குத் துணைநின்ற மீனவக் குப்பங்கள் அன்று பெரும் விலை கொடுத்தன. நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்து சாம்பலானது. காவலர்களே தீ வைப்பதாகத் தோன்றும் காட்சிகள் அன்று மாலைக்குள் எல்லாக் கைபேசிகளிலும் இருந்தன. அதே நாளில் சட்டமன்றம் ஜல்லிக்கட்டுச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. கடற்கரையில் அடிபட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்குமா என்பது ஐயமே.

கூட்டம் சேர்ப்பது ஒரு காலத்தில் மாதக்கணக்கான வேலை. துண்டறிக்கை அச்சடிக்க வேண்டும், ஊர் ஊராகப் போக வேண்டும், சிற்றுண்டிக்குக் காசு திரட்ட வேண்டும், ஒத்துவராதவரோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்தச் சலிப்பூட்டும் வேலைக்குள்ளேயே, யார் பேச்சை யார் கேட்பது, பிளவு வந்தால் எப்படித் தீர்ப்பது, எப்போது விட்டுக்கொடுப்பது என்ற பழக்கங்கள் வளர்ந்தன. வலைத்தளம் அந்த வேலையை ஓரிரவுக்குள் சுருக்கியபோது, வேலையோடு சேர்ந்து அந்தப் பழக்கங்களும் காணாமல் போயின. 1965ஐ ஒப்பிட்டால் இது விளங்கும். அந்த ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கிளம்பிய மாணவர்களுக்குக் கைபேசி இல்லை. விடுதிகளும் கல்லூரிப் பேரவைகளும் படிப்பகங்களும் இருந்தன. எல். கணேசன், கா. காளிமுத்து, துரைமுருகன் என்று அந்தத் தலைமுறையிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர்களின் வரிசை நீளமானது. 1967 தேர்தலில் விருதுநகரில் காமராசரை 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்த பெ. சீனிவாசன், அந்த மாணவர் கிளர்ச்சியின் முன்னணியில் நின்றவர். ஆட்சி மாற்றத்துக்கு மாணவர் கிளர்ச்சி மட்டுமே காரணமில்லை, அரிசித் தட்டுப்பாடும் கூட்டணிக் கணக்கும் இருந்தன. ஆனாலும் தெருவில் நின்றவர்களை வாங்கிக்கொள்ள ஒரு கட்சி தயாராகக் காத்திருந்தது. அவர்களுக்கும் அதில் நுழைவதில் கூச்சம் இருக்கவில்லை.

2017க்குப் பின் பாடம் கற்றுக்கொள்வதில் அரசும் கட்சிகளும்தான் முந்தின. மெரினாவில் மீண்டும் அப்படியொரு கூட்டம் சேர விடப்படவில்லை. அந்த மே மாதம் அங்கே ஈழத்தமிழர் நினைவேந்தல் நடத்த முயன்ற மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில் தொடங்கிய துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தபோது, தூத்துக்குடி, நெல்லை, குமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையத்தைத் துண்டிக்க உத்தரவானது. கட்சிகள் தங்கள் தகவல் தொழில்நுட்ப அணிகளை ஊதிப் பெருக்கின. இன்று ஒரு ஹேஷ்டேக் முன்னணிக்கு வந்தால், அது தானாக வந்ததா, மாலை ஐந்து மணிக்கு எல்லாரும் பதிவிட வேண்டும் என்று குழுவில் அனுப்பிய உத்தரவின்படி வந்ததா என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது.

அந்த இளைஞர்கள் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருந்துவிட்டார்கள் என்று சொன்னால் அநியாயம். அவர்களில் பலர் கட்சி அரசியலின் வாசலில் நுழையாமல் அதற்குப் பக்கவாட்டில் இருந்த வழிகளில் நடந்தார்கள். சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கக் கிளம்பினார்கள்; நாட்டுமாடு வாங்கினார்கள்; அவர்களுடைய மனநிலையைப் பார்த்து வணிகர் அமைப்புகள் 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தன. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைச் சாய்த்துப் போட்டபோது நிவாரணத்துக்கு ஓடினார்கள். புயலுக்குப் பின் பேராவூரணிப் பக்கம் இளைஞர்கள் சேர்ந்து பெரிய ஏரியைத் தூர்வாரினார்கள். பலன் கண்ணுக்குத் தெரியும் வேலை, கறைபடாத வேலை, யாருக்கும் ‘ஜே’ போட வேண்டாத வேலை. வாக்குச்சாவடி அப்படிப்பட்ட இடமில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலத்தில் 72 சதவீதத்துக்கும் மேல் வாக்குப் பதிவானபோது சென்னையில் சுமார் 59 சதவீதமே பதிவானது. 2022 பிப்ரவரியில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் அது 44ஐக்கூட எட்டவில்லை. இந்த எண்கள் எல்லா வயதினருக்குமானவை, ஊர்மாறியவர்களின் பெயர்கள் பட்டியலில் தங்கிவிடுவதும் உண்டு, ஆகவே பழியை இளைஞர்மேல் மட்டும் போட முடியாது. எனினும் குப்பையை யார் அள்ளுவது, மழைநீர் வடிகால் எங்கே போவது என்று முடிவெடுக்கும் அவைக்கான தேர்தல் அது. கடற்கரையில் குப்பை பொறுக்கிய கைகளுக்கு அதில் வேலை இருந்திருக்கும்.

பாக்குநீரிணைக்கு அப்பால், பொருளாதார நெருக்கடியில் சிக்கிய இலங்கையில், இதே கதை வேறு முடிவோடு நடந்தது. 2022 மார்ச் 31 இரவு கொழும்புக்கு அருகே மிரிஹானையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் வீட்டுக்கு முன் மக்கள் திரண்டதற்கும், ஏப்ரல் 9 முதல் கொழும்புக் கடலோரத்துக் காலிமுகத்திடலில் கூடாரம் போட்டதற்கும் சமூக வலைத்தளங்களே முதல் அழைப்பு. ஏப்ரல் 3 அன்று அரசு அவற்றை முடக்கியது. ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்காத அந்த முடக்கத்தை அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே குறைகூறிப் பதிவிட்டார். தலைவர் இல்லாத அந்த முற்றுகை சமையல்கூடம், நூலகம், சட்ட உதவி எல்லாம் கொண்ட ஒரு சிற்றூராக மூன்று மாதங்களுக்கு மேல் தாங்கி, ஜூலையில் ஜனாதிபதியை நாட்டைவிட்டே ஓடவைத்தது. அவருக்குப் பின் வந்த அரசு ஜூலை 22 அதிகாலை இராணுவத்தை அனுப்பி அதைக் கலைத்தது. இதுவரை மெரினாவின் சாயல்தான். வேறுபாடு அதன்பின் வந்தது. ஊர்தோறும் கிளையும், பல்கலைக்கழகங்களில் பல பத்தாண்டு வேரும் கொண்ட மக்கள் விடுதலை முன்னணி, தேசிய மக்கள் சக்தி என்ற பெயரில் அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ளக் காத்திருந்தது. 2020இல் 3 இடங்கள் மட்டுமே பெற்ற அந்த அணி, 2024 நவம்பரில் 159 இடங்களைப் பிடித்தது.

தமிழர்கள் வாழும் இலங்கையின் வடக்கில் நிலைமை முதலிலிருந்தே வேறாக இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வெயிலில் உட்கார்ந்திருந்தபோது தெற்கிலிருந்து எந்த ஹேஷ்டேக்கும் வரவில்லை என்பது அங்குள்ளவர்களுக்கு நினைவிருந்தது. எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை என்ற முழக்கம், போர்க்காலத்தில் இரண்டுமில்லாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்களை அவ்வளவாக அசைக்கவில்லை. 2022 மே 18 அன்று காலிமுகத்திடலில், 2009 இறுதிப்போரில் இறந்த தமிழர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிப் பகிரப்பட்ட படங்கள் யாழ்ப்பாணத்துக் கைபேசிகளுக்கு வந்தபோது, சிலர் நெகிழ்ந்தார்கள், சிலர் பதின்மூன்று ஆண்டு தாமதம் என்றார்கள். இரண்டரை ஆண்டு கழித்து, தமிழ்க் கட்சிகளின் சண்டைகளில் சலித்துப்போயிருந்த யாழ்ப்பாண மாவட்டம் தன் 6 இடங்களில் 3ஐத் தெற்கின் அந்த அணிக்குக் கொடுத்தது. அடுத்த மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. வட்டாரத்துக்கு வட்டாரம் முகம் தெரிந்த ஆள் வேண்டிய அந்தத் தேர்தலில், அங்கே பெரும்பாலான சபைகளில் தமிழரசுக் கட்சியே மீண்டும் முன்னுக்கு வந்தது.